போகிறாயா என்று சிப்பாயை யார் கேட்பது?

70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிக் கொல்லிமலைக்குப் போனால், செம்மேட்டில் வல்வில் ஓரி சிலையாக நிற்கிறார். வருஷா வருஷம் ஆடியில் அரசு விழா எடுக்கிறது. கதை பலருக்கும் தெரிந்ததுதான். சேரனுக்காகப் படையெடுத்து வந்த மலையமான் திருமுடிக்காரி, ஓரியைக் கொன்று மலையைச் சேரன் கையில் கொடுத்தான். ஓரிக்குப் பாட்டு இருக்கிறது, காரிக்கும் பாட்டு இருக்கிறது. ஆனால் காரிக்குப் பின்னால் நடந்து வந்த சாதாரண வீரனை "அடுத்தவன் சண்டைக்கு வருகிறாயா?" என்று யாராவது கேட்டார்களா?

இரண்டாயிரம் வருஷம் கழித்தும் அதே கேள்வி அப்படியே இருக்கிறது.

நாமக்கல் மாவட்டத்துப் பையன்கள் ராணுவத்தில் சேரக் கோயம்புத்தூர் ஆள்சேர்ப்பு அலுவலகம் வழியாகத்தான் போக வேண்டும். 2022 முதல் சிப்பாயாகச் சேருபவர் அக்னிவீர். 4 வருஷ வேலை, அதன்பின் அதிகபட்சம் நாலில் ஒருவருக்குத்தான் நிரந்தரம். சாமையும் மிளகும் விளைகிற மலையிலிருந்து கிளம்பும் ஒரு பையன், நீலத் தொப்பி போட்ட இந்திய ஜவானின் படத்தைப் பார்த்துவிட்டு ஊரில் ஓய்வு பெற்ற ராணுவக்காரர் ஒருவரிடம் "அண்ணா, ஐ.நா. படைக்கு நாமளே பேர் குடுத்துப் போகலாமுங்களா?" என்று கேட்டால் என்ன பதில் வரும்?

"நீ போகறதில்ல தம்பி. பட்டாலியன் போகும். நீ அதுல இருந்தா போவ."

நேர்மையான பதில் அவ்வளவுதான். இந்தியா 1950ல் கொரியாவுக்கு லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி.ரங்கராஜ் தலைமையில் 60வது பாராசூட் கள மருத்துவப் பிரிவை அனுப்பியது. அன்றிலிருந்து ஐ.நா. பணிகளுக்குப் போய்வந்த இந்தியர்கள் 2 லட்சத்து 90 ஆயிரம் பேருக்கும் மேல். இவர்களில் பெரும்பாலோர் தனித்தனியாக விண்ணப்பம் போட்டுப் போனவர்கள் அல்ல. எந்தப் பட்டாலியன் என்பதை ராணுவத் தலைமையகம் முடிவு செய்கிறது. முழு உடல் தகுதி இருக்க வேண்டும், ஒழுங்கு நடவடிக்கைக் கறை இருக்கக் கூடாது. பிறகு டெல்லியில் பயிற்சி, சுமார் ஒரு வருஷம் வெளிநாடு. ஆயுதமில்லாமல் போகும் ராணுவப் பார்வையாளர், தலைமையக அதிகாரி போன்ற பதவிகளுக்குத்தான் ஆளைப் பார்த்துத் தனியாகத் தேர்வு. அவை அதிகாரிகளுக்கானவை.

அமெரிக்கத் தரைப்படையில் கதை வேறு. அங்கே பணியில் இருக்கும் சிப்பாய், 4187 என்ற எண்ணுள்ள படிவத்தை நிரப்பி, வெளிநாட்டுப் பணிக்குத் தயார் என்று மேலதிகாரி வழியாகக் கேட்கலாம். கிடைக்குமா என்பது வேறு விஷயம். ஆனால் கேட்க ஒரு காகிதம் இருக்கிறது.

நம் நாட்டிலும் ஒரு காலத்தில் கேட்டார்கள்! கம்பெனி ஆட்சியில் வங்காளப் படைச் சிப்பாய்கள் கடல் தாண்ட மறுப்பார்கள் என்பதால், 1811ல் ஜாவாவுக்குப் போக விருப்பப்பட்டவர்களைக் கொண்டே தனிப் பட்டாலியன்கள் அமைத்தார்கள். 1824ல் பர்மாப் போருக்குக் கிளம்ப மறுத்த பட்டாலியனைப் பாரக்பூரில் சுட்டு அடக்கினார்கள். 1856ல் சட்டமே வந்தது: வங்காளப் படையில் புதிதாகச் சேருபவன் எங்கே அனுப்பினாலும் போக வேண்டும். இன்றைக்கு நம் ஜவான் எடுக்கும் உறுதிமொழியிலும் தரை, கடல், வான் எந்த வழியாகவும் அனுப்பும் இடத்துக்குப் போவேன் என்பது இருக்கிறது. ஆக, அவன் 'விருப்பம்' தெரிவிப்பது ஒரே ஒரு நாள். பதினெட்டு, இருபது வயதில், உறுதிமொழி எடுக்கும் அன்று.

இது அநியாயம் என்று உடனே சொல்லிவிட முடியாது. ஒன்றாகப் பயிற்சி எடுத்தவர்கள் ஒன்றாகப் போனால்தான் ஆபத்தில் ஒருவரை ஒருவர் நம்ப முடியும். அதோடு, வெளிநாட்டுப் பணிக்குத் தனிப் படி உண்டு. கை தூக்கினால் போகலாம் என்று வைத்தால் யார் முதலில் தூக்குவார்கள்? வீட்டில் கடன் இருப்பவன். அதை விருப்பம் என்று எப்படிச் சொல்வது?

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1987ல் அமைதிப்படை இலங்கைக்குப் போனது. அது ஐ.நா. பணி அல்ல, இரு அரசுகள் செய்த ஒப்பந்தம். மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்களும் போனார்கள். தமிழ் பேசுகிற ஜவான், தமிழ் பேசுகிற ஊரில் துப்பாக்கியோடு நின்றான். 1990 மார்ச்சில் திரும்பி வருவதற்குள் சுமார் 1,200 இந்திய வீரர்கள் செத்துப் போயிருந்தார்கள். ஈழத் தமிழர் பட்ட இழப்பு தனிக் கணக்கு. அன்று "யார் தயார்?" என்று கேட்டிருந்தால் எத்தனை கைகள் உயர்ந்திருக்கும்?

சிப்பாய் மறுக்க முடியாது. மறுத்தால் அது ராணுவமாக இருக்காது. அப்படியானால் அவன் சார்பில் வேறு யாராவது யோசித்து "சரி" அல்லது "வேண்டாம்" சொல்ல வேண்டும். 2003ல் அது நடந்தது. ஈராக்குக்குப் படை அனுப்பச் சொல்லி அமெரிக்கா கேட்டது. ஏப்ரலில் மக்களவை அந்தப் போரை எதிர்த்துத் தீர்மானம் போட்டிருந்தது. ஊரெல்லாம் விவாதம் நடந்தது. ஜூலையில் வாஜ்பாய் அரசு, ஐ.நா.வின் தெளிவான ஆணை இல்லாமல் அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டது. எத்தனையோ ஜவான்களின் உயிர் அந்த ஒரு முடிவில் தப்பியிருக்கலாம்.

ஆனால் அது அந்த நேரத்து அரசியல் தந்த நல்லது. சட்டம் தந்தது அல்ல. இந்தியாவில் படையை வெளிநாட்டுக்கு அனுப்ப நாடாளுமன்றத்தின் ஒப்புதல் கட்டாயமில்லை, அமைச்சரவை முடிவு போதும். ஜெர்மனியில் 1994ல் அரசியல் சட்ட நீதிமன்றம், ஆயுதப் படையை வெளியே அனுப்பும் முன் நாடாளுமன்றம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2005ல் அதற்கென்று சட்டமும் வந்தது. ராணுவ ரகசியம் கெட்டு ஜெர்மனி ஒன்றும் அழிந்துவிடவில்லை. இங்கேயும் அப்படி ஒரு சட்டம் வேண்டும்.

ஐ.நா. பணிகள் இப்போது குறைந்து வருகின்றன. லெபனான் படையை 2026 டிசம்பர் 31ல் முடிப்பது என்று பாதுகாப்பு சபை 2025 ஆகஸ்டில் முடிவு செய்தது. அதனால் அந்த மலைப்பையனுக்கு நீலத் தொப்பி கிடைக்கும் வாய்ப்பு குறைவுதான். ஆசை இருந்தால் உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும், பேரைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்கட்டும், முடிந்தால் படித்து அதிகாரியாகட்டும். மற்றபடி தலைமையகத்தின் முடிவு.

ஆனால் கொல்லிமலைக்காரர்களுக்கு ஓட்டு இருக்கிறது. நாமக்கல் தொகுதிக்கு ஒரு எம்.பி. இருக்கிறார். ரோடும் பஸ்ஸும் கேட்பது போல, "எங்க பையனை வெளிநாட்டுச் சண்டைக்கு அனுப்பறதுக்கு முன்னாடி நீங்க சபையில் எழுந்து பேசுவீங்களா?" என்று ஓட்டு கேட்டு வரும்போது கேட்கலாம். காரியின் வீரர்களுக்காகக் கேட்க அன்று ஆள் இல்லை. இன்று இருக்கிறார்கள். கேட்க வேண்டியதுதான் பாக்கி.