'என்கவுண்டர்' அதிகாரிக்கு மாஷா அல்லாஹ் சொல்பவர்களுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. முழுசா வாசிச்சுட்டு ஏசுங்க, பாதியில ஏச வேணாம்.

இந்த வாரம் நமது ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்றுகிறது. மும்பை பொலிஸ் அதிகாரி பிரதீப் சர்மாவின் படம். 2003ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் 'டைம்' சஞ்சிகைக்கு அவர் சொன்னதைத் தமிழில் போட்டிருக்கிறார்கள். குற்றவாளிகள் அழுக்காம், அந்த அழுக்கைத் துப்புரவு செய்பவர் இவராம். கீழே "களனிக்கும் இப்பிடி ஒராள் வேணும்" என்று எழுதி, அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். ஒருவர் "மாஷா அல்லாஹ்" என்றே போட்டிருக்கிறார். மனிதர்களைச் சுட்டுக் கணக்கு வைத்திருப்பவருக்கு மாஷா அல்லாஹ்!

அந்தக் கட்டுரையை எழுதியவரின் நோக்கம் எதுவாகவும் இருக்கட்டும். நமது குழுக்களுக்கு வந்து சேர்ந்தது அந்த ஒரு வாக்கியம் மட்டும்தான். இருபது வருடத்துக்கு முந்திய பேட்டிக்கு இன்றைக்குக் கைதட்டுகிறோம் என்றால், அதற்குப் பிறகு அந்த மனிதருக்கு என்ன நடந்தது என்றாவது தேடிப் பார்த்திருக்க வேண்டாமா? கைத்தொலைபேசி கையில்தானே இருக்கிறது.

நடந்தது இதுதான். நூறுக்கு மேற்பட்ட 'என்கவுண்டர்' கொலைகளோடு அவருடைய பெயர் பேசப்பட்டது. 2006 நவம்பர் 11ஆம் திகதி லக்கன் பையா என்று அழைக்கப்பட்ட ராம்நாராயண் குப்தாவை மும்பைப் பொலிஸார் சுட்டுக் கொன்றார்கள். வெர்சோவாவில் ஒரு பூங்காவுக்குப் பக்கத்தில் அவர் தங்களைச் சுட்டார், தற்காப்புக்காகத் தாங்களும் சுட்டோம் என்றார்கள். ஆனால் அவருடைய சகோதரர் ஒரு சட்டத்தரணி. பகலில் அவரைப் பிடித்துக்கொண்டு போன செய்தி கிடைத்த உடனேயே, அவர் உயிரோடு இருக்கும்போதே, பொலிஸ் மேலிடத்துக்குத் தந்தியும் தொலைநகலும் அனுப்பிவிட்டார். 'என்கவுண்டர்' நடந்ததாகச் சொன்னது இரவில். அந்த நேர வித்தியாசத்தில்தான் முழுப் பொய்யும் அவிழ்ந்தது. அவரோடு சேர்த்துப் பிடிக்கப்பட்ட நண்பர் 2011இல் சாட்சி சொல்லச் சில நாட்களே இருந்தபோது காணாமல் போய்ப் பிணமாகக் கிடைத்தார். 2013இல் பொலிஸார் உட்படப் பலர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது, சர்மா மட்டும் விடுவிக்கப்பட்டார். 2024 மார்ச் 19ஆம் திகதி மும்பை மேல் நீதிமன்றம் அந்த விடுதலையையும் தள்ளுபடி செய்து அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அவர் இந்திய உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறார், அது அவருடைய உரிமை. சட்டத்தரணி வைத்து மேன்முறையீடு செய்யும் அந்த உரிமையைத்தான் 'அழுக்கு' என்று அவர் பெயர் வைத்தவர்கள் பெறவில்லை.

இப்போது நீங்கள் கேட்பது எங்களுக்குத் தெரியும். "டீச்சர்மாருக்கு என்ன தெரியும், எங்கட பிள்ளைகள் குடுவுல அழியுறாங்க." நாங்கள் வகுப்பறையில் நிற்பவர்கள். எங்களுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? ஒன்பதாம் வகுப்பில் முன் வரிசையில் இருந்த பிள்ளை பத்தாம் வகுப்பில் பின் வரிசைக்குப் போவதை, பிறகு வராமலே போவதை இடாப்பில் நாங்கள்தான் குறிக்கிறோம். "ஐஸ் விக்கிறவன சுட்டாலும் பரவால்ல, என்ட பிள்ள எனக்கு வேணும்" என்று சொல்லும் உம்மாவின் கோபத்தை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அந்த உம்மாவின் பிள்ளையே சந்தியில் பத்து நூறு ரூபாய்க்குப் பொட்டலம் கைமாற்றும் பிள்ளையாக இருந்தால்? 'அழுக்கு' என்ற சொல்லுக்குள் முதலில் விழுவது அவன்தான். கொண்டுவந்து இறக்குகிறவன் விழுவதில்லை. சுடுவதை ஆதரிக்கிற எந்த வாப்பாவும் தன் மகனை நினைத்து ஆதரிப்பதில்லை, அடுத்த வீட்டு மகனை நினைத்துத்தான் ஆதரிக்கிறார்.

பெரிய ஆட்கள் சுடப்படவில்லையா என்பீர்கள். சுடப்பட்டார்கள். மாகந்துரே மதூஷை டுபாயிலிருந்து 2019இல் கொண்டுவந்தார்கள். 2020 ஒக்டோபர் 20ஆம் திகதி அதிகாலையில் போதைப்பொருளைக் காட்டக் கூட்டிப்போன இடத்தில், நமது மாளிகாவத்தையில், பொலிஸ் காவலில் இருக்கும்போதே செத்தார். நாட்டுக்குள் யார் யார் அவருக்கு உதவினார்கள், எந்த அரசியல்வாதி, எந்த அதிகாரி என்று நீதிமன்றத்தில் சொல்லக்கூடிய ஒரே வாய் அன்றைக்கு மூடியது. துப்புரவு நடந்ததா, துடைப்பு நடந்ததா? அதே 2020இல் போதைப்பொருள் தடுப்புப் பணியகத்தின் அதிகாரிகளே, கைப்பற்றிய போதைப்பொருளை விற்றதாகக் கைதானார்கள். துப்பாக்கி யாருடைய கையில் இருக்க வேண்டும் என்று கேட்கிறீர்களோ, அவர்களுடைய திணைக்களம்தான் அது.

2021 மே மாதம் கொஸ்கொட தாரகவின் கதை இன்னும் மோசம். அவர் கொல்லப்படலாம் என்று முந்திய இரவே சட்டத்தரணிகள் சங்கத்துக்குத் தெரியவந்து, சங்கம் பொலிஸ் தலைமைக்கும் அறிவித்தது. அதிகாலையில் அவர் செத்துவிட்டார். ஆயுதம் காட்டக் கூட்டிப்போனபோது தாக்கினாராம், திருப்பிச் சுட்டார்களாம். மும்பைச் சகோதரரின் தந்தி ஞாபகம் வருகிறதா? 2025 பெப்ரவரியில் கொட்டாஞ்சேனையிலும் இதே கதை. ஒருவரைச் சுட்டுக் கொன்றதாகப் பிடிபட்ட இரண்டு பேர், சில மணித்தியாலங்களுக்குள் பொலிஸ் சூட்டில் செத்தார்கள். அவர்களை அனுப்பியவர் யார் என்ற கேள்விக்கு இனி யார் பதில் சொல்வது? விலங்கு போட்ட சந்தேகநபர் எப்போதும் ஆயுதத்தை எடுக்கிறார், எப்போதும் குறி தவறுகிறது, பொலிஸாரின் குறி மட்டும் தவறுவதே இல்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளை இப்படி ஒரே கட்டுரையை நான்கு தரம் எழுதிக்கொண்டு வந்தால் நாங்கள் கொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம்.

மும்பை தூரம் என்றே வைத்துக்கொள்வோம். பட்டலந்தை தூரமா? பியகம பஸ் ஏறினால் எத்தனை நிமிடம்? அரசாங்க உரக் கூட்டுத்தாபனத்தின் வீடுகள் அங்கே களனிப் பிரிவு பொலிஸ் அதிகாரிகளின் கைக்குப் போயின. 1988 முதல் 1990 வரை சட்டவிரோதமாக ஆட்களை அடைத்து வைத்ததையும் சித்திரவதையையும் விசாரிக்க 1995இல் ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. வாடிக்கையாளருக்காக நீதிமன்றத்தில் பேச வேண்டிய சட்டத்தரணி விஜேதாச லியனாராச்சியே 1988இல் அங்கே கொண்டுவரப்பட்டு, பிறகு உயிரை விட்டார். அப்போதும் இதே சொற்கள்தான் பாவனையில் இருந்தன. நாட்டைச் சுத்தம் செய்கிறோம், கிருமிகளை ஒழிக்கிறோம். களனி கங்கையில் மிதந்து வந்ததை நமது வாப்பாமார் கண்டிருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள், பலர் இன்னும் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள்.

பேட்டி என்று சொன்னதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2025 மார்ச் 6ஆம் திகதி அல் ஜசீராவில் மெஹ்தி ஹசன் முன்னாள் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்கவை இருத்திவைத்து இந்தப் பட்டலந்தையைப் பற்றிக் கேட்டார். அந்த அறிக்கையில் உங்கள் பெயர் இருக்கிறதே என்றார். அறிக்கை எங்கே என்று இவர் திருப்பிக் கேட்டார். ஒரு வாரம் கழித்து, மார்ச் 14ஆம் திகதி, இருபத்தைந்து வருடமாகத் தூசு பிடித்துக் கிடந்த அந்த அறிக்கை பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அங்கே பேட்டி எடுத்தவர் கேள்வி கேட்டார், கதிரையில் இருந்தவர் வியர்த்தார். அந்தக் காணொளியையும் இதே குழுக்களில்தான் பார்த்துச் சிரித்தோம். கறுப்புக் கண்ணாடி போட்ட பொலிஸ்காரரின் வசனத்துக்கு மட்டும் ஏன் கேள்வி வருவதில்லை? 2003இல்தான் 'காக்க காக்க' படமும் வந்தது. இன்றைக்கும் நமது பொடியன்மார் அந்தக் காட்சிகளைத்தான் ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள். சினிமாவில் சுடப்படுகிறவன் கெட்டவன் என்று இயக்குநர் நமக்கு முதலிலேயே காட்டிவிடுகிறார். தெருவில் அப்படிக் காட்டித் தர யாரும் இல்லை, அதற்குத்தான் நீதவான் என்று ஒருவரை வைத்திருக்கிறார்கள்.

நமக்கும் இப்பிடி ஒராள் வேணும் என்பவர்களே, ஒருவர் இருந்தார்தானே. தேசபந்து தென்னகோன். 2023 டிசம்பர் 14ஆம் திகதி உயர் நீதிமன்றம், முன்னாள் இராணுவச் சிப்பாய் ஒருவரைப் பொலிஸ் காவலில் சித்திரவதை செய்த வழக்கில் அவரும் பொறுப்பு என்று தீர்ப்பளித்து, தலா 5 இலட்சம் ரூபாய் நட்டஈடு கட்டச் சொன்னது. அப்போது அவர் பதில் பொலிஸ் மா அதிபர். மூன்று நாள் கழித்து, டிசம்பர் 17ஆம் திகதி, 'யுக்திய' தொடங்கியது. நீதி என்று பெயர். சில வாரங்களுக்குள் 29,000க்கு மேற்பட்டோர் கைதானதாக ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் சொன்னது. தோட்ட வீடுகளுக்குள் நாயோடு புகுந்ததையும், முழங்காலில் நிற்கவைத்ததையும் தொலைக்காட்சியில் பார்த்து நம்மவர்களும் ரசித்தார்கள். தொடங்கி இரண்டு வாரத்தில் வெலிகமவில் கொழும்பிலிருந்து போன குற்றப்பிரிவுப் பொலிஸாரும் வெலிகமப் பொலிஸாரும் ஒருவரை ஒருவர் சுட்டு, ஒரு பொலிஸ்காரர் செத்தார். அந்த வழக்கில் தென்னகோனே சந்தேகநபர் ஆனார். 2025 ஓகஸ்ட் 5ஆம் திகதி பாராளுமன்றம் 177 வாக்குகளால் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. ஐஸ் குறைந்ததா? சந்திக்குப் போய்ப் பாருங்கள்.

முஸ்லிம்களாகிய நமக்கு இதில் தனியாக ஒரு கணக்கு இருக்கிறது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு இந்த நாட்டில் அழுக்கு என்று யாரைச் சொன்னார்கள்? நமது வீட்டு அலுமாரிகளில் அரபு எழுத்து இருந்த புத்தகங்களை யார், ஏன் ஒளித்தார்கள்? 2019 மே மாதம் ஒரு சிங்களப் பத்திரிகை முதல் பக்கத்தில் போட்ட கதையோடு குருநாகல் டொக்டர் ஷாபி கைதானார். கருத்தடைக் கதைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. பிறகு வேலை திரும்பக் கிடைத்தது, நிலுவைச் சம்பளத்தையும் ஆஸ்பத்திரி மருந்துக்கே கொடுத்துவிட்டார். 2020 மே மாதம் அஹ்னாப் ஜஸீம் என்ற இளம் ஆசிரியர், 'நவரசம்' என்ற கவிதைப் புத்தகத்துக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிக்கப்பட்டார். நம்மைப் போல சோக்கட்டி பிடித்தவர். தமிழ்க் கவிதையை வாசிக்கத் தெரியாதவர்கள் அதில் தீவிரவாதம் கண்டார்கள். 2021 டிசம்பரில் பிணை, 2023 டிசம்பரில் விடுதலை. மூன்றரை வருடம் ஆனது. ஆனாலும் விடுதலை கிடைத்தது, ஏனென்றால் அவர் உயிரோடு இருந்தார். அவரை 'ஆயுதம் காட்ட' வில்பத்துப் பக்கம் கூட்டிப்போயிருந்தால்? நமது குழுக்களில் அன்றைக்கு எத்தனை கட்டைவிரல் விழுந்திருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

கடைசியாக வருகிற வாதம், "ஷரீஆவுல கைய வெட்டச் சொல்லியிருக்குத்தானே." சொல்லியிருப்பது காழிக்கு. சந்தியில் நிற்கிற ஆயுததாரிக்கு இல்லை. சாட்சி யார், எத்தனை பேர், அவர்கள் நம்பத்தகுந்தவர்களா என்று நமது இமாம்கள் எத்தனை பக்கம் எழுதி வைத்திருக்கிறார்கள். சந்தேகம் வந்தால் ஹத்துத் தண்டனையைத் தடுத்துக்கொள் என்பது மத்ரஸாவில் ஓதுகிற பிள்ளைக்கும் தெரிந்த விதி. செய்தி கொண்டுவருகிறவனை விசாரித்துப் பார் என்று சூரா ஹுஜுராத் சொல்வது வாட்ஸ்அப்புக்குப் பொருந்தாதா? சுட்டுக் கொல்வதற்கு மார்க்கத்தைத் துணைக்கு இழுக்கிறவர்கள், அந்தச் சட்டப் புத்தகத்தில் விசாரணை என்ற பகுதியை மட்டும் கிழித்துவிட்டுத்தான் வாசிக்கிறார்கள்.

சரி, என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு. நமது பகுதியில் சிவில் பாதுகாப்புக் குழுக் கூட்டம் நடக்கிறது. பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி வருவார், பள்ளி நிர்வாகத்தில் இருந்தும் ஆள் போவார். வழமையாக டீ குடித்து, போட்டோ எடுத்து, "எங்கட ஏரியாவ கொஞ்சம் இறுக்குங்க சேர்" என்று சொல்லிவிட்டு வருவோம். இந்த முறை ஒரு தாளில் கேள்வி எழுதிக்கொண்டு போவோம். கடந்த ஒரு வருடத்தில் இந்தப் பகுதியில் போதைப்பொருளுக்குக் கைதானவர்கள் எத்தனை பேர்? அவர்களில் பாவித்தவர் எத்தனை, விற்றவர் எத்தனை, இறக்குமதி செய்தவர் எத்தனை? வழக்குத் தாக்கல் ஆனது எத்தனை? பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளைப் பிடித்தால் எங்கே அனுப்புகிறீர்கள், வீட்டுக்கு யார் அறிவிக்கிறார்கள்? புனர்வாழ்வுக்கு அனுப்பிய பிள்ளை திரும்பி வந்தால் பாடசாலையில் சேர்க்க உங்கள் கடிதம் கிடைக்குமா?

பதில் வந்தால் அதை இதே பக்கத்தில் போடுவோம். பதில் வராவிட்டால் அதையும் போடுவோம், இன்ஷா அல்லாஹ். கூட்டத்துக்கு வரக்கூடியவர்கள் உள்பெட்டியில் பெயரைத் தாருங்கள். உம்மாமார் வந்தால் இன்னும் நல்லது.