18 வயது வரை கட்டாயக் கல்வி: செலவை ஏற்பது யார்? பின்லாந்து, இங்கிலாந்து - ஓர் ஒப்பீடு

நாடுகளின் கல்விச் செலவு ஒப்பிடப்படும்போது, ஒரு மாணவருக்கு அரசு எவ்வளவு தொகை செலவிடுகிறது என்பதே பெரும்பாலும் முன்வைக்கப்படுகிறது. எந்தச் செலவை அரசு ஏற்கிறது, எந்தச் செலவு குடும்பத்தின் மீது விழுகிறது என்பதை அந்தத் தொகை மட்டும் உணர்த்திவிடாது. மேல்நிலைக் கல்வியில் பின்லாந்தும் இங்கிலாந்தும் மேற்கொண்ட மாற்றங்கள் இதற்குச் சான்றாகும்.

இரு நாடுகளும் 18 வயது வரை கல்வியைத் தொடர்வதைச் சட்டக் கடமையாக்கியுள்ளன. இங்கிலாந்தில் 2008-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தின்படி, இந்த வயது வரம்பு 2013-இல் 17 ஆகவும், 2015-இல் 18 ஆகவும் உயர்த்தப்பட்டது. முழுநேரப் படிப்பு, தொழில் பழகுநர் பயிற்சி, வேலையுடன் கூடிய பகுதிநேரப் படிப்பு ஆகியவற்றுள் ஒன்றை மாணவர்கள் தேர்ந்தெடுக்கலாம். பின்லாந்தில் இத்தகைய சட்டம் 2021 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

இங்கிலாந்து: உறைந்த நிதி

இங்கிலாந்தில் வயது வரம்பு உயர்ந்த காலத்தில் நிதி உயரவில்லை. 16, 17 வயது மாணவர் ஒருவருக்கான அடிப்படை நிதி 2013-14 முதல் 2019-20 வரை ஏழு கல்வியாண்டுகள் 4,000 பவுண்டாகவே நீடித்தது. 2020-21-இல்தான் அது 4,188 பவுண்டாக உயர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் விலைவாசி உயர்ந்ததால் அத்தொகையின் உண்மை மதிப்பு ஆண்டுதோறும் குறைந்தது.

18 வயது மாணவர்களுக்கான தொகை 2014-இல் 3,300 பவுண்டாக, அதாவது 17.5 சதவீதம் குறைக்கப்பட்டது. தேர்வில் பின்தங்கியதால் கூடுதலாக ஓராண்டு பயில்வோர் பலர் இப்பிரிவில் அடங்குவர்.

குறைந்த வருவாய்க் குடும்ப மாணவர்களுக்கு வாரம் 30 பவுண்டு வரை வழங்கிய கல்வி உதவித்தொகைத் திட்டமும் 2011-இல் இங்கிலாந்தில் மூடப்பட்டது. உதவித்தொகை இல்லாவிடினும் பெரும்பாலோர் படிப்பைத் தொடர்ந்திருப்பர் என்பது அரசின் வாதம். அதற்கு மாற்றாக, மிகவும் தேவையுள்ளோருக்குக் கல்லூரிகள் வழியாக உதவும் சிறிய நிதி ஏற்படுத்தப்பட்டது. ஸ்காட்லாந்தும் வேல்ஸும் பழைய திட்டத்தைக் கைவிடவில்லை.

பின்லாந்து: பாடநூலும் இலவசம்

பின்லாந்தில் கற்பித்தலும் மதிய உணவும் முன்பே இலவசமாக இருந்தன. ஆயினும் பாடநூல்கள், மடிக்கணினி, தேர்வுக் கட்டணம் ஆகியவற்றைப் பொதுப் பிரிவு மேல்நிலை மாணவர்களின் குடும்பங்களே ஏற்றன. மூன்றாண்டுப் படிப்புக்கு இச்செலவு 2,000 யூரோவைத் தாண்டியது. தொழிற்கல்வி மாணவர்கள் தங்கள் கருவிகளுக்கும் பணம் செலுத்த நேர்ந்தது.

2021-ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றை இலவசமாக்கியது. 7 கிலோமீட்டருக்கு மேல் பயணிப்போரின் போக்குவரத்துச் செலவும் இதில் அடங்கும். மாணவர் 20 வயதை எட்டும் ஆண்டின் இறுதி வரை இச்சலுகை நீடிக்கும். கட்டாயமாக்கப்பட்ட கல்விக்குக் கட்டணம் இருக்கலாகாது என்பதே இதன் அடிப்படை.

இம்முறையிலும் சிக்கல் இல்லாமல் இல்லை. வசதி படைத்த குடும்பங்களும் இதே சலுகையைப் பெறுகின்றன. அரசு அளிக்கும் ஈட்டுத்தொகை போதவில்லை என உள்ளாட்சி அமைப்புகள் குறை கூறின.

எண்களுக்கு அப்பால்

இங்கிலாந்து தேவையுள்ளோரைக் கண்டறிந்து உதவ முற்பட்டது. பின்லாந்து அனைவருக்குமான உரிமையாக வரையறுத்தது. முதல் முறையில் அரசுக்குச் செலவு குறைவு. ஆனால் உதவி தேவைப்படும் மாணவர் அதைக் கேட்டுப் பெற வேண்டும். தாம் ஏழை என்பதைக் கல்லூரியில் மெய்ப்பிக்கவும் வேண்டும்.

ஆகவே, ஒரு மாணவருக்கு எவ்வளவு என்ற கேள்வியுடன் மேலும் இரண்டு கேள்விகளை எழுப்ப வேண்டியுள்ளது. அத்தொகை விலைவாசிக்கு ஏற்ப உயர்கிறதா? வகுப்பறைக்கு வெளியே ஆகும் செலவை யார் ஏற்கிறார்கள்? படிக்க வேண்டும் எனச் சட்டம் கட்டளையிடும் வீட்டில், நூல் வாங்கப் பணம் உண்டா என்பதை இவ்விரண்டுக்குமான விடைகளே தீர்மானிக்கின்றன.