நாற்காலி வரைவது இழிவா?

காட்சிக்களத்தைத் தாளில் வகுப்பது லேஅவுட். அக்களத்தில் புழங்கும் பொருள்களை வடிவமைப்பது ப்ராப் டிசைன். அனிமேஷன் பயிலும் ஓவிய மாணவர் இவ்விரு பயிற்சிகளுக்காக இரவெல்லாம் விழித்து வரைவதை ‘மேசை நாற்காலி வேலை’ என எள்ளுவோர் உளர். முதல், கரு, உரி என வகுப்பில் முழங்கும் நம் தமிழ்த்துறையினரும் அக்கூட்டத்தில் இருப்பதுதான் வேடிக்கை.

யோஹன்னா ஸ்பைரியின் ‘ஹைடி’ கதையை எண்ணுக. அன்பை வாயால் சொல்லத் தெரியாத தாத்தா, மேசை எட்டாத பேத்திக்குச் சிறு நாற்காலியொன்று செய்து தருகிறார். அதன் உயரத்தைப் பிழையாக வரைந்தால் அந்த அன்பே காணாமற்போகும். வசனம் எழுதி ஈடுகட்ட இயலுமா?

இக்கதை 1974இல் ஜப்பானில் 52 பகுதித் தொலைக்காட்சித் தொடராயிற்று. இயக்குநர் இசாவோ தகாஹதாவும் குழுவினரும் முந்தைய ஆண்டே சுவிட்சர்லாந்து சென்று இடம் பார்த்து வந்தனர். லேஅவுட் பொறுப்பேற்றவர் ஹயாவோ மியாசாகி. கேமரா எங்கிருந்து நோக்குகிறது, பாத்திரம் எங்கே நிற்கிறது, எவ்வளவு தூரம் நடக்கிறது என அத்தாள் முடிவு செய்த பின்னரே அசைவு வரைபவரும் பின்னணி தீட்டுபவரும் தத்தம் பணியைத் தொடங்குவர். இதுவா எடுபிடி வேலை?

நிழற்பூச்சின் நேர்த்திக்கே மதிப்பெண் அள்ளித்தரும் ஆசிரியர்களையும் நாம் விடுவதற்கில்லை. இதில் அமர்பவர் யார், எந்தக் கால் தேய்ந்தது, ஏன் தேய்ந்தது என்று மாணவரைக் கேளுங்கள் ஐயா. விடை இருப்பின், கோடு சற்றே கோணியிருந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.