பக்கத்தில் இருந்தால் போதும்



போன மாதம் மகனின் பள்ளியில் பெற்றோர் சந்திப்பு. இரவு வேலை முடிந்து நித்திரைக் கண்ணோடு ஒரேத்தோ வீதியால் நடந்து போனேன். ஆசிரியை நெடுநேரம் கதைத்தார். மகன் ஒரே வரியில் மொழிபெயர்த்தான்: "நான் நல்லாப் படிக்கிறனாம், அப்பா."

ஆசிரியையின் முகம் அப்படிச் சொல்லவில்லை. மறுநாள் இங்கு வளர்ந்த தமிழ்ப் பிள்ளை ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். மகன் இரண்டு மாதமாக வீட்டுப்பாடமே செய்யவில்லையாம். கொப்பியைத் திறந்திருந்தால் வெறும் தாளாவது என் கண்ணில் பட்டிருக்கும். மொழி தெரியாதென்று நான் திறக்கவேயில்லை. பிழை என்னுடையதுதான்.

இந்த வெட்கத்தோடு இருந்தபோதுதான் கிழக்குத் தீமோரின் கதையை வாசித்தேன். அங்கு மக்கள் 1999 ஓகஸ்ட் 30 இல் விடுதலைக்கு வாக்களித்தார்கள். அதற்குப் பழிவாங்க ஆயுதக் குழுக்கள் ஊர்களை எரித்தபோது பெரும்பாலான பள்ளிகளும் அழிந்தன. இந்தோனேசிய ஆசிரியர்கள் தங்கள் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். பிள்ளைகள் கூரையில்லாத சுவர்களுக்குள் இருந்து படித்தார்கள். 2002 மே 20 இல் நாடு சுதந்திரமடைந்தது. போர்த்துக்கேய மொழியும் தேத்தும் மொழியும் அரச மொழிகளாயின. ஆனால், இந்தோனேசிய ஆட்சியில் படித்த தாய் தகப்பனுக்குப் போர்த்துக்கேயம் வராது. பிள்ளையின் புத்தகம் வீட்டில் ஒருவருக்கும் விளங்காது. எங்கள் வீட்டு நிலைமைதான்!

பின்னாளில் அங்கே சில பள்ளிகளில் சிறுவர்களுக்கு முதலில் வீட்டு மொழியிலேயே எழுத்துப் பழக்கிப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளைகள் பின்தங்கவில்லை. வாசிப்பில் முன்னுக்கு நின்றார்கள். ஆகவே, "வீட்டில் தமிழ் கதைத்தால் பிள்ளைக்கு இத்தாலி மொழி வராது" என்று யாராவது சொன்னால் நம்பாதேயுங்கள்.

புதிதாக வந்தவர்களுக்குச் சில விடயங்கள். 1999 இல் வந்த அரசாணையின்படி, சொஜோர்னோ கையில் இல்லாவிட்டாலும் பிள்ளைக்குப் பள்ளியில் இடமுண்டு. ஆண்டின் நடுவிலும் சேர்க்கலாம். ஆரம்பப் பள்ளிப் பாடப்புத்தகங்கள் இலவசம். சந்திப்புக்குப் போகும்போது பிள்ளையை மொழிபெயர்க்க விடாதேயுங்கள். மெதியாத்தோரே எனப்படும் மொழி உதவியாளரை ஒழுங்குசெய்ய முடியுமா என்று பள்ளியில் கேளுங்கள். இல்லாவிட்டால் இத்தாலி மொழி தெரிந்த பெரியவர் ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

2008 இல் வன்னியில் இடம்பெயர்ந்தபோது பத்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அதுவரை ஒவ்வோர் இரவும் குப்பி விளக்கடியில் அம்மா என் பக்கத்தில் இருந்தா. என் ஆங்கிலப் புத்தகத்தில் ஓர் எழுத்தும் அவவுக்குத் தெரியாது. ஆனாலும் "இண்டைக்கு என்ன படிச்சனி, சொல்லு" என்று கேட்பா.

இப்போது நானும் வேலைக்குப் போகமுன் அரை மணித்தியாலம் மகனோடு இருக்கிறேன். அன்றைய பாடத்தை அவன் எனக்குத் தமிழில் சொல்ல வேண்டும். அவனுக்கு விளங்காத இடத்தில் வாய் தானாக நின்றுவிடும். அதைக் கண்டுபிடிக்க எனக்கு இத்தாலி மொழி தேவையில்லை. அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுக் கொடுத்துவிடுகிறேன், அடுத்த நாள் ஆசிரியையிடம் கேட்கச் சொல்லி.

இன்றிரவு உங்கள் பிள்ளையின் கொப்பியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.