நிருபர் கேட்டால் யார் பதில் சொல்வது?

2020 ஜூன் 22 இரவு பென்னிக்ஸும், மறுநாள் காலை அவருடைய தந்தை ஜெயராஜும் கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் இறந்தார்கள். சாத்தான்குளம் காவல் நிலையத்திலிருந்து கோவில்பட்டி கிளைச் சிறைக்குக் கொண்டுவரப்பட்டவர்கள். மகனுக்கு மூச்சுத்திணறல், தந்தைக்கு உடல்நலக் குறைவு என்பதே அரசுத் தரப்பின் முதல் விளக்கம். அப்போதைய முதலமைச்சரின் அறிக்கையிலும் அதுவே இருந்தது. சில மாதங்களில் சிபிஐ ஒன்பது காவலர்கள் மீது கொலைக் குற்றம் சாட்டி அறிக்கை தாக்கல் செய்தது.

கைதுக்கும் மரணத்துக்கும் இடைப்பட்ட நாட்களில் அந்த இருவரையும் பக்கத்தில் நின்று பார்த்த அரசுப் பணியாளர்கள் பலர். நிலையத்துக் காவலர்கள், மருத்துவமனைப் பணியாளர்கள், சிறைக் காவலர்கள். ஆனால் உள்ளே இருந்தவரின் சாட்சியம் பதிவானது, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்து, கோவில்பட்டி நீதித்துறை நடுவர் நேரில் போய் விசாரித்த பிறகுதான். கண்டதைச் சொன்ன பெண் தலைமைக் காவலர் வாக்குமூலத்தில் கையெழுத்திடவே அஞ்சினார். அவருக்குப் பாதுகாப்பு கொடுக்க நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது.

நீதிமன்றத்திடம் பேசவே இவ்வளவு அச்சம் என்றால், வாசலில் மைக்கோடு நிற்கும் நிருபரிடம் யார் பேசுவார்? தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், 1973, அனுமதியின்றி அலுவலகத் தகவலை வெளியே சொல்வதைத் தடுக்கின்றன. அந்த விதிக்குக் காரணம் இருக்கிறது. ஆளுக்கொரு கணக்கு சொன்னால் இறந்தவர் எண்ணிக்கை கூட மணிக்கு ஒன்றாக மாறும். அதை நான் மறுக்கவில்லை. தகவலைக் கட்டுப்படுத்த வந்த விதி, கீழே இருப்பவரை வாயடைக்கவும் மேலே இருப்பவர் பொறுப்பிலிருந்து நழுவவும் பயன்படுவதைத்தான் எதிர்க்கிறேன்.

பேசக்கூடாததை மேலிடமே பேசிய கதையும் உண்டு. 2019-இல் பொள்ளாச்சி பாலியல் வழக்கில் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரைச் செய்தியாளர்கள் முன்னிலையில் சொன்னவர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர். அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழகப் பாலியல் வழக்கின் முதல் தகவல் அறிக்கை கசிந்தபோதும் அதே தொகைதான் இழப்பீடு. பாதிக்கப்பட்டவரின் அடையாளம், நோயாளியின் நோய், குழந்தையின் பெயர் ஆகியவற்றை எந்த நிருபர் எப்படிக் கேட்டாலும் தரக்கூடாது. இதற்கு விதிவிலக்கே வேண்டாம்.

கரிசல் பூமியில் இந்தக் கேள்வி காவல் நிலையத்தோடு நிற்பதில்லை. கோவில்பட்டியில் தொடங்கிச் சாத்தூர், வெம்பக்கோட்டை வரை பட்டாசு ஆலை வெடிக்கும்போதெல்லாம் நிருபர்கள் ஓடுகிறார்கள். "எனக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்பதுதான் வாசலில் கிடைக்கும் பதில். ஷெட்டில் எத்தனை பேர் இருந்தார்கள், ஆலை உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்ததா, மருந்து கலந்தவர் பயிற்சி பெற்றவரா என்பதெல்லாம் ஃபோர்மேனுக்குத் தெரியும். சொன்னால் வாரச் சம்பளம் போய்விடும். அடுத்த ஆலையிலும் வேலை கிடைக்காது. அவரைக் கோழை என்று சொல்ல எனக்கு மனம் வராது. அவர் பெயரையும் முகத்தையும் காட்டாமல் செய்தி தருவது நிருபரின் கடமை.

தன் தரப்பைப் பாராமல் கண்டதைச் சொன்னதற்குப் பாஞ்சாலங்குறிச்சியில் ஒரு பழைய சாட்சி உண்டு. கும்பினிப் படையின் சம்பளக்காரரான ஜேம்ஸ் வெல்ஷ் 1801-இல் ஊமைத்துரையை எதிர்த்துப் போரிட்டவர். 1830-இல் வெளியான தம் நினைவுக் குறிப்புகளில் எதிரியின் திறமையை மறைக்காமல் எழுதினார். அந்தப் போரைப் பற்றி நாம் அறிந்ததில் கணிசமான பகுதி அவர் எழுத்திலிருந்து வந்தது. ஆனால் அதற்குள் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்துவிட்டன. அவ்வளவு காலம் காத்திருக்க நம்மால் முடியாது.

சாதாரண ஊழியர் என்னதான் செய்ய வேண்டும்? நிருபரின் பெயர், எந்தப் பத்திரிகை, கேள்வி என்ன, எத்தனை மணிக்குள் பதில் வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தெரியாததை ஊகித்துச் சொல்லாதீர்கள். அடையாளம் தெரியாமல் பேச விரும்பினால் பேசத் தொடங்கும் முன்பே அதை ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள். பேசி முடித்தபின் "ஆஃப் தி ரெக்கார்டு" என்று சொன்னால் பயனில்லை. பதில் சொல்ல வேண்டியவர் யார் என்று காட்டிவிட்டு அவருக்கும் உடனே தெரிவியுங்கள். பொய் மட்டும் சொல்லாதீர்கள், மேலதிகாரி சொல்லச் சொன்னாலும்.

இதில் பெரிய பொறுப்பு மேலே இருப்பவருடையது. யாரிடம் கேட்க வேண்டும் என்பது ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஆலையிலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் பெயரோடு எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்த ஆள் பத்திரிகை அச்சேறும் முன் பதில் சொல்ல வேண்டும். உயிரும் சுதந்திரமும் சம்பந்தப்பட்ட தகவலை 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமே சொல்கிறது. குடிமகன் எழுதிக் கேட்டால் பொருந்தும் இந்த நியாயம், நிருபர் வாய்விட்டுக் கேட்கும்போது மட்டும் எப்படிப் பொருந்தாமல் போகும்?

முறைகேட்டை உரிய அதிகாரியிடம் தெரிவிக்கும் ஊழியரைக் காக்க 2014-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அது நடைமுறைக்கு வராமலே கிடக்கிறது. ஓட்டுக் கேட்டு வரும் வேட்பாளர்களிடம் அது ஏன் என்று கேளுங்கள்.