கவரைப் பிரிக்காத வாசகர்கள்

பழைய காமிக்ஸ் பற்றித் தமிழில் வருகிற கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒரே கட்டுரைதான். கோடை விடுமுறை வரும். மொட்டை மாடி வரும். அப்பா சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த சில்லறை வரும். பெட்டிக்கடையில் கிளிப் போட்டுத் தொங்கிய முத்து காமிக்ஸ் வரும். கடைசிப் பத்தியில், "அந்தக் காலம் இனி வருமா" என்று ஒரு பெருமூச்சும் வரும். எழுதுகிறவர் பெயரும் ஊரும்தான் மாறும். இவர்களில் எத்தனை பேர் அந்தப் புத்தகங்களை, வளர்ந்த பிறகு, ஒரு தடவையாவது திறந்து படித்திருப்பார்கள் என்று எனக்குப் பல வருஷமாகச் சந்தேகம்.

பெரும்பாலானவர்கள் படிக்கவில்லை என்பதுதான் என் வழக்கு. பழைய காமிக்ஸ் இதழ் இன்று நம்மிடையே இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று ஏக்கத்தில், இன்னொன்று பிளாஸ்டிக் உறையில். ஏக்கப்படுகிறவருக்கு அது தன்னுடைய பத்து வயசு. உறை போட்டு வைத்திருப்பவருக்கு அது முதலீடு. நடுவில் ஒரு புத்தகம் இருந்தது, அதை யாரோ எழுதினார்கள், வரைந்தார்கள், தமிழாக்கினார்கள், அச்சடித்தார்கள் என்கிற விஷயம் இரண்டு பேருக்குமே தேவைப்படவில்லை.

ஒன்றைத் திறந்து பார்ப்போம். 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தது. முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து, இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். இது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் இந்த ஆள் 1962-ல் 'வேலியண்ட்' என்ற பிரிட்டிஷ் வார இதழில் பிறந்தவன், மூலத்தில் அவன் பெயர் லூயிஸ் கிராண்டெல், தொடக்கத்தில் எழுதியவர் கென் புல்மர், வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்பதெல்லாம் எத்தனை பேருக்குத் தெரியும்? கதையின் ஆரம்பத்தில் கிராண்டெல் நல்லவனே இல்லை, குற்றவாளியாகத்தான் நுழைகிறான் என்பதை, "எங்கள் காலத்து ஹீரோக்கள் ஒழுக்கமானவர்கள்" என்று எழுதுகிறவர்கள் எப்படி மறந்தார்கள்? திறந்து படித்திருந்தால் மறந்திருக்க மாட்டார்கள்.

அடுத்து 1984. அந்த ஒரே வருஷத்தில் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் வந்தன. லயனில் அறிமுகமான ஸ்பைடரைப் பற்றிச் சொன்னால் போதும், ஐம்பது வயசுக்காரர்கள் பிள்ளைகளாகிவிடுகிறார்கள். அந்த ஸ்பைடர் கதைகளில் பலவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல். ஜோ ஷூஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனைப் படைத்தவர். 1938-ல் சூப்பர்மேனின் மொத்த உரிமையும் 130 டாலருக்குக் கைமாறியது. பிறகு பல வருஷம் வழக்கும் வறுமையுமாக அலைந்த அந்த மனிதர், அறுபதுகளில் பிரிட்டிஷ் வார இதழ் ஒன்றுக்கு எழுதினார். அந்த இதழின் பெயரும் லயன்தான். சிவகாசியில் அச்சான புத்தகத்தை ஆவடியில் ஒரு பையன் வாங்கிப் படித்தபோது, அவன் படித்தது சூப்பர்மேனின் அப்பாவை. அவனுக்கு அது தெரியாததில் தப்பே இல்லை, பத்து வயசு. நாற்பது வருஷம் கழித்து, ஏக்கக் கட்டுரை எழுதும்போதும் தெரியவில்லை என்றால் அதை என்னவென்று சொல்வது?

இதழ்களில் பெயர் போடவில்லையே என்பார்கள். உண்மைதான். பிரிட்டனிலேயே அந்த வார இதழ்கள் எழுதியவர், வரைந்தவர் பெயரைப் போட்டதில்லை. 1977-ல் '2000 ஏடி' வந்த பிறகுதான் அங்கே அந்தப் பழக்கம் மாற ஆரம்பித்தது. ஆனால் அங்கே வாசகர்கள் சும்மா இருக்கவில்லை. பழைய இதழ்களைப் பக்கம் பக்கமாகப் பார்த்து, கோட்டை வைத்துக் கையை அடையாளம் கண்டு, இது பிளாஸ்கோ, இது ரெக் பன் என்று பட்டியல் போட்டார்கள். ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ரெபெல்லியன் என்ற வீடியோ கேம் நிறுவனம் அந்தப் பழைய கதைகளின் உரிமைகளை வாங்கி இப்போது மறுபதிப்பு செய்கிறது. அட்டையிலேயே புல்மர் பெயரும் பிளாஸ்கோ பெயரும் இருக்கின்றன.

நம் பக்கம் மறைந்துபோனவர்கள் இன்னும் அதிகம். 'இரும்புக்கை மாயாவி' என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். மூலத்தில் 'ஸ்டீல் கிளா', அதாவது இரும்பு நகம் மட்டும்தான். மறைகிறவன் என்கிற செய்தி அந்தப் பெயரில் இல்லை. தமிழில் அது இரண்டே சொல்லில் வந்துவிட்டது. இது சாதாரண மொழிபெயர்ப்பு இல்லை, நல்ல மூளை ஒன்று உட்கார்ந்து யோசித்திருக்கிறது. பிரெஞ்சு மொழியில் ஷார்லியே எழுதி ழான் ஜிரோ வரைந்த 'ப்ளூபெர்ரி', தமிழில் 'கேப்டன் டைகர்' ஆனார். அன்றைக்கு நம் ஊரில் ப்ளூபெர்ரி பழமாகக்கூடத் தெரியாது, பட்டாளத்துக்காரன் பெயராக எப்படி எடுபடும்? இந்த மாற்றம் சரியா தப்பா என்று சண்டை போட நிறைய இடம் இருக்கிறது. அந்தச் சண்டையை யாரும் போடவில்லை.

இன்னொரு வேலையும் அதில் உண்டு. படத்தில் பேச்சுக் குமிழின் அளவு ஆங்கிலத்துக்கு வெட்டியது. தமிழ்ச் சொல் நீளம். 'லுக் அவுட்' என்று குறுகிய இடத்தில் இருப்பதை 'ஜாக்கிரதை' என்று அடைக்க வேண்டும், அர்த்தமும் போகக்கூடாது, முகமும் மறையக்கூடாது. மாதாமாதம், நூறு பக்கத்துக்கு, இதைச் செய்தவர்கள் இருக்கிறார்கள். முத்து காமிக்ஸின் தொடக்க வருஷங்களில் ஆசிரியராக இருந்த முல்லை தங்கராசனைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் ஏன் இல்லை? எண்பதுகளில் 'பூந்தளிர்' நடத்திய வாண்டுமாமாவுக்காவது பெயர் நின்றது. எழுத்து வெட்டி ஒட்டியவர், குமிழுக்குள் எழுதியவர், பக்கம் கட்டியவர் எல்லாம் போய்ச் சேர்ந்தால் கேட்க ஆள் இருக்காது.

இப்போது உறைக்காரர்களிடம் வருகிறேன். நான் இருக்கும் சேக்காட்டைச் சுற்றி, பட்டாபிராம், ஆவடி, அம்பத்தூர் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் காமிக்ஸ் நன்றாக ஓடியது. டேங்க் ஃபேக்டரி, க்ளோதிங் ஃபேக்டரி, அம்பத்தூர் எஸ்டேட் என்று மாதச் சம்பளக் குடும்பங்கள். அப்பா ஷிப்டு முடிந்து வரும்போது ஸ்டேஷன் பக்கம் ஒன்று வாங்கினால், அது தெருவையே சுற்றி வரும். ஒரு பிரதி ஒரு வீட்டுக்குச் சொந்தம் என்கிற எண்ணமே இல்லை. அட்டை கிழியும், நடுப்பக்கம் காணாமல் போகும், கடைசிப் பக்கம் இல்லாததால் முடிவை யாராவது வாயால் சொல்வார்கள். அந்தப் புத்தகங்களுக்கு மதிப்பு வந்தது அப்படித்தான்.

அதே பிரதிகளில் தப்பிப் பிழைத்தவை இப்போது ஒரு சிலரிடம் இருக்கின்றன. இந்தப் பக்கத்திலேயே ஒருவரிடம் ஒரு பழைய இதழைப் பார்க்கக் கேட்டேன். ஒரு வசனத்தைச் சரிபார்க்க வேண்டியிருந்தது, இரண்டு நிமிஷ வேலை. "பாருங்கண்ணே, ஆனா கவரைப் பிரிக்கக்கூடாது. பிரிச்சா ரேட்டு போயிடும்" என்றார். "நீங்களாவது பிரிச்சுப் பார்த்துச் சொல்லுங்க" என்றேன். "நானே பிரிக்கிறது கிடையாதுண்ணே" என்றார். பெருமையாகத்தான் சொன்னார்.

அவரை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்லை. சில்லறைக் காசுக்கு விற்றதை ஆயிரக்கணக்கில் விலை பேசும் ஒரு சந்தை வந்துவிட்டது. அந்தச் சந்தையில் கதைக்கு விலை இல்லை, அட்டைக்கும் அரிதுக்கும்தான் விலை. ஒரு இதழ் பத்துப் பேரிடம் இருந்தால் விலை குறையும், ஆகவே தன்னிடம் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லாமல் இருப்பதே லாபம். சேர்ப்பவர்களைச் சந்தை ஊமையாக்கி வைத்திருக்கிறது.

இதில் ஒரு கேலிக்கூத்து உண்டு. அந்தக் காகிதம் சாகிறது. நியூஸ்பிரிண்ட் மரக்கூழில் செய்தது. அதில் இருக்கும் லிக்னின் வெளிச்சமும் காற்றும் பட்டு மஞ்சளாகிறது, அமிலம் ஊறி ஊறி இழை முறிகிறது. மலிவான பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் செலோடேப் போட்டு மூடினால் ஈரமும் அமிலமும் உள்ளேயே தங்கும். முதலீடு என்று நினைத்துப் பூட்டி வைத்தது உள்ளே பொடியாகிக்கொண்டிருக்கிறது. போதாததற்கு மழை. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோதும், சென்னைப் புறநகரில் எத்தனை வீட்டுக் கட்டிலடிப் பெட்டிகள் தண்ணீரில் நின்றன! போன பிறகு என்ன போயிற்று என்று சொல்லக்கூட ஒரு பட்டியல் கிடையாது.

வெளியே ஒரு உதாரணம் பார்க்கலாம். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாக மாறி ஆடும் விளையாட்டு ஒன்று உண்டு, 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. அதற்கென்றே 1976-ல் 'டிராகன்' என்று ஒரு பத்திரிகை அமெரிக்காவில் தொடங்கி, 2007 வரை அச்சில் வந்தது. பொழுதுபோக்குப் பத்திரிகைதான், நம் காமிக்ஸைப் போலவே பெரியவர்கள் முகம் சுளித்த சமாச்சாரம். 1999-லேயே அதன் முதல் 250 இதழ்களை சிடியில் போட்டு விற்றார்கள். எழுதியவர்கள், வரைந்தவர்களின் உரிமை பற்றிச் சிக்கல் கிளம்பியது. கிளம்பட்டும். உரிமைச் சண்டை வருகிறது என்றாலே படைத்தவன் ஒருத்தன் இருக்கிறான் என்று ஒப்புக்கொண்டதாக அர்த்தம். இன்றும் அந்த ஆட்டக்காரர்கள் பழைய இதழைத் திறந்து, அதில் வந்த விதியையோ நிலவறை வரைபடத்தையோ அன்று சாயங்காலமே மேஜையில் ஆடிப் பார்க்கிறார்கள். அவர்களுக்குப் பழைய இதழ் ஒரு கருவி. நமக்கு அது ஷோகேஸ் பொம்மை.

அமெரிக்காவுக்குப் போவானேன், நம்மிடமே ஆட்கள் இருந்தார்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா பெரிய பணக்காரரும் இல்லை, பேராசிரியரும் இல்லை. மற்றவர்கள் குப்பை என்று போட்ட நோட்டீசையும் பாட்டுப் புத்தகத்தையும் அழைப்பிதழையும் சேர்த்தார். 1992-ல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, கடல் கடத்திப் போகாமல், 1994-ல் சென்னையிலேயே நூலகமாக்க வழி செய்தது. அவரும் சேகரிப்பாளர்தான். ஆனால் அவர் சேர்த்ததைப் பிரித்துப் படித்துத்தான் நூற்றுக்கணக்கான ஆய்வுகள் நடந்தன. ஈழத்தில் 1981-ல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. இழப்பு என்றால் என்னவென்று தெரிந்தவர்கள் 2005-ல் 'நூலகம்' திட்டத்தைத் தொடங்கி, துண்டறிக்கை முதல் சிறுவர் இதழ் வரை வருடிப் பொதுவில் வைத்தார்கள். நாம் எரியும்வரை காத்திருக்கப் போகிறோமா?

அரசு நூலகங்களும் தப்ப முடியாது. 1954-ஆம் வருஷ நூல் வழங்கல் சட்டப்படி வெளியாகும் புத்தகத்தில் ஒரு பிரதி கன்னிமாராவுக்குப் போயிருக்க வேண்டும். காமிக்ஸ் என்றால் பிள்ளைகள் சமாச்சாரம் என்று பதிப்பாளரும் நூலகரும் சேர்ந்து அலட்சியமாக இருந்திருந்தால், அந்த அலட்சியத்துக்கும் இன்று விலை கொடுக்கிறோம். ஊர்ப்புற நூலகத்தில் போய் ராணி காமிக்ஸ் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். சுமார் 500 இதழ் வந்து 2005-ல் நின்ற பத்திரிகை. கேட்டவரை மேலும் கீழும் பார்ப்பார்கள்.

சேகரிப்பாளர்கள் மட்டும் இல்லாவிட்டால் மிச்சம் இருப்பதும் இருந்திருக்காது. அதை மறுக்க மாட்டேன். வீட்டில் திட்டு வாங்கி, எடைக்குப் போக இருந்ததை மூர் மார்க்கெட்டிலும் பழைய பேப்பர் கடையிலும் தேடி எடுத்து வந்தவர்கள் அவர்கள். ஆனால் காப்பாற்றியவர் என்கிற மரியாதை, காப்பாற்றியதை யாராவது படிக்கும்போதுதான் முழுசாகும்.

அப்படியே ஸ்கேன் பண்ணி நெட்டில் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. லயன் - முத்து நிறுவனம் இன்றும் நடக்கிறது, 2012-க்குப் பிறகு வண்ணத்திலும் நல்ல தாளிலும் புத்தகம் போடுகிறது. அவர்கள் சோற்றில் மண் போடக்கூடாது. ஆனால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. பட்டியல் போட யாருடைய அனுமதியும் வேண்டாம்: இதழ் எண், மாதம், விலை, மூலக் கதை, எழுதியவர், வரைந்தவர், தெரிந்தால் தமிழாக்கியவர், ஆசிரியர் பக்கத்தில் என்ன இருந்தது, வாசகர் கடிதம் எந்த ஊரிலிருந்து வந்தது. லாப நோக்கில்லாத பொது நூலகம் தன்னிடம் இருக்கும் அச்சுப் பிரதியைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்க, 2012 திருத்தத்துக்குப் பிறகு காப்புரிமைச் சட்டமே இடம் கொடுக்கிறது. இரட்டைப் பிரதி வைத்திருப்பவர் ஒன்றை நூலகத்துக்குக் கொடுக்கலாம். பழைய மொழிபெயர்ப்பாளர், அச்சகத் தொழிலாளி யாராவது உயிரோடு இருந்தால் செல்போனில் ஒரு மணி நேரம் பேசிப் பதிவு செய்யலாம்.

ஆகவே அடுத்த ஏக்கக் கட்டுரையை எழுத உட்காருகிறவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். மொட்டை மாடியை விட்டுவிடுங்கள், அது எல்லாருக்கும் இருந்தது. ஒரு இதழை எடுங்கள், டேப்பை மெதுவாகப் பிரியுங்கள், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படியுங்கள். அதில் என்ன இருந்தது என்று எழுதுங்கள்.