எந்த வேலைக்கு என்று கேட்டு விற்போம்

அரிசி கேட்டு வருபவரிடம் "சாப்பாட்டுக்கா, இட்லிக்கா?" என்று கேட்காமல் எந்த மளிகைக் கடைக்காரரும் மூட்டையில் கை வைப்பதில்லை. ஆனால் தச்சுக் கருவி விற்கும் ஹார்டுவேர் கடைகள் பலவற்றில் இந்தக் கேள்வி கேட்கப்படுவதில்லை. "காம்பினேஷன் ஸ்கொயர் கொடுங்கள்" என்றால் 12 அங்குலத்தை எடுத்து வைத்து பில் போட்டுவிடுகிறோம். இந்தப் பழக்கம் மாற வேண்டும் என்பதே நமது கருத்து.

பிற தொழில் செய்யும் உறுப்பினர்களுக்காக ஒரு விளக்கம். எஃகு அளவுகோல் ஒன்று, அதன்மீது நகர்ந்து திருகால் இறுகும் தலைப்பகுதி ஒன்று. இவ்வளவுதான் கருவி. தலையின் ஒரு பக்கம் 90 பாகை, மறுபக்கம் 45 பாகை. மூலைமட்டம் பார்க்கலாம், சாய்வுக் கோடு இழுக்கலாம், துளையின் ஆழம் அளக்கலாம். அமெரிக்காவைச் சேர்ந்த லராய் ஸ்டாரெட் 1879-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இன்றும் அதன் அமைப்பு பெரிதாக மாறவில்லை.

சந்தையில் 4, 6, 12, 18, 24 அங்குல அளவுகளில் இது கிடைக்கிறது. இழுப்பறை, மரக்கட்டையில் காடி, கீல் பதிக்கும் இடம் போன்ற சிறு வேலைகளுக்கு 6 அங்குலமே கைக்கு அடக்கம். தட்டுப் பலகை, அலமாரிச் சட்டம், கதவுச் சட்டம் என்று எல்லாம் செய்பவருக்கு 12 அங்குலம். ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்பவருக்கும் இதையே தரலாம். 18, 24 அங்குலங்கள் அகலப் பலகையில் கோடு இழுப்பவருக்கு மட்டுமே தேவை.

"பெரியதாக வாங்கினால் எல்லாவற்றுக்கும் ஆகும்" என்று சொல்லி விற்பது சரியல்ல. கோல் நீண்டாலும் மரத்தின் ஓரத்தில் பதியும் தலை அதே அளவில் நீள்வதில்லை. தலையில் கால் பாகை பிசகு இருந்தால் 6 அங்குலத் தூரத்தில் அது முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. 24 அங்குலத் தூரத்தில் இரண்டரை மில்லிமீட்டரைத் தாண்டிவிடும். எட்டுக்கு நாலு பிளைவுட்டின் மூலையைப் பார்க்க வேண்டுமென்றால் அதற்கு இந்தக் கருவியே போதாது. இரு மூலைவிட்டங்களையும் நாடாவால் அளந்து சமமா என்று பார்ப்பதே முறை. இதைச் சொல்லி அனுப்பினால் அன்று ஒரு விற்பனை குறையலாம். ஆனால் அந்த வாடிக்கையாளர் மறுபடியும் நம் கடைக்கே வருவார்.

இதில் மளிகைக் கடைக்காரருக்கு என்ன என்று கேட்கலாம். உங்கள் கடையின் ரேக்கும் கல்லாப் பெட்டியும் ஒரு தச்சர் செய்ததுதான். மூலை தவறினால் இழுப்பறை சிக்கும், கண்ணாடிக் கதவு மூடாது. பிரித்து மறுபடி அடிக்கும் கூலி நஷ்டம் அன்றாடம் உழைத்துச் சாப்பிடும் அந்தத் தச்சருக்கு. வேலை நின்ற நாள் நஷ்டம் உங்களுக்கு.

தராசுக்கு உரிய காலத்தில் முத்திரை வைத்து வாங்குகிறோம். மட்டத்தின் மூலை சரிதானா என்று நாமே பார்த்துத்தான் விற்க வேண்டும். சோதனை எளிது. நேரான ஓரமுள்ள பலகையில் தலையைப் பதித்து ஒரு கோடு இழுக்க வேண்டும். பிறகு கருவியைப் புரட்டி, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் கருவி சரி. விலகினால், அந்த விலகலில் பாதிதான் கருவியின் பிசகு. வாடிக்கையாளர் கண்ணெதிரே இதைச் செய்து காட்ட ஒரு நிமிடம் போதும்.

அளவுக் குறிகளையும் பார்க்க வேண்டும். 12 அங்குலம் என்பது 304.8 மில்லிமீட்டர். 12 அங்குலம் என்றே கேட்டு வாங்கப்படும் கோல்களில் சில 300 மில்லிமீட்டரோடு முடிகின்றன. மேஸ்திரி அங்குலத்தில் பேசுகிறார், பிளைவுட் கனமோ மில்லிமீட்டரில் வருகிறது. ஆகவே இரு குறிகளும் உள்ளதைக் கொள்முதல் செய்வதே நல்லது.

"எல்லா அளவும் வாங்கி வைத்தால் முதல் முடங்குமே" என்பது நியாயமான கவலை. எல்லாம் வேண்டாம். 6-உம் 12-உம் எப்போதும் இருப்பில் இருக்கட்டும். மற்றவற்றைக் கேட்டால் வரவழைத்துக் கொடுக்கலாம்.

இணைய வழி விற்பனையில் படமும் விலையும் இருக்கின்றன, விலையில் அவர்களோடு நாம் எப்போதும் போட்டி போட முடியாது. ஆனால் பொருளை வாங்குபவர் கையில் கொடுத்து, கோடு இழுத்துக் காட்டி, "என்ன வேலைக்கு அண்ணே?" என்று கேட்க நம்மால் முடியும். சிறு வணிகரிடம் மிஞ்சியிருக்கும் பலம் அது. அதை நாமே கைவிட்டுவிடக் கூடாது என்று ஹார்டுவேர் உறுப்பினர்களை அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.